மூடிய மில் நிலத்தில் குடியிருப்பு வந்தால்? முதலியார்பேட்டைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் மில் என்றாலே மூன்று பெயர்கள்தான் வரும்: ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்), சுதேசி, பாரதி. பெரியவர்கள் ஏ.எஃப்.டி.யை இன்னும் ரோடியர் மில் என்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் பலத்த சேதமடைந்த ஏ.எஃப்.டி., அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு முறைப்படி மூடப்பட்டது. மற்ற இரண்டிலும் இப்போது சங்கு ஊதுவதில்லை.

ஊருக்கு நடுவே இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, வீடும் கடையும் பூங்காவும் வரக்கூடாதா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். இது எந்த அரசுத் திட்டத்தின் விளக்கமும் இல்லை. ஒரு திட்டம் வரும்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதியது.

"மில்லு மூடியாச்சு. இடிச்சுத் தள்ளிட்டு ஃப்ளாட் கட்டினா முடிஞ்சு போச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

வெறும் வயலையோ தோப்பையோ மனை போடுவதற்கும் ஒரு பழைய ஆலை நிலத்தில் வீடு கட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆலை நிலத்தில் நூறு வருடம் என்னென்ன கொட்டப்பட்டது, எங்கே கசிந்தது, எதைப் புதைத்தார்கள் என்பதற்கு முழுக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. அதனால் முதல் வேலை மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிப்பது. வரைபடம் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை மாறினால் பின்னால் வரும் எதையும் சரிசெய்ய முடியாது. கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒரு விஷயத்துக்கே திரும்பி வரும்.

அமெரிக்காவில் நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊரில் லவ் கனால் என்று ஒரு இடம். ரசாயனக் கழிவு புதைத்த பள்ளத்தின் மேலும் அதைச் சுற்றியும் பள்ளிக்கூடமும் வீடுகளும் கட்டினார்கள். பல வருடம் கழித்து நிலவறைகளிலும் தோட்டங்களிலும் கழிவு மேலே கசிந்து வந்தது. 1978இல் அங்கே அவசர நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதன் விளைவாகத்தான் 1980இல் அந்த நாட்டில் மாசடைந்த நிலங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. குடியேறிய பிறகு தெரிந்துகொள்வதற்கு என்ன விலை என்பதை அந்த ஊர் காட்டிவிட்டது.

"கலப்புப் பயன்பாடுன்னா கீழ கடை, மேல வீடு, அவ்ளோதானே?"

அது ஒரு பகுதி. வீடு, கடை, பட்டறை, அலுவலகம், பள்ளி, மருந்தகம், விளையாட எடம் எல்லாம் பத்து நிமிட நடைக்குள், அதாவது ஏறக்குறைய 800 மீட்டருக்குள் இருக்கும்படி ஒரு பகுதியை அமைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். வண்டி எடுக்காமலே அன்றாட வேலை முடிய வேண்டும்.

நமக்கு இது புதுசு இல்லை. புதுச்சேரித் தமிழர் பகுதியின் பழைய தெருக்களில் திண்ணை வைத்த வீடும், தட்டார் கடையும், தையல்காரரும், கோயிலும் ஒட்டி ஒட்டித்தான் இருந்தன. வெளிநாட்டில் இதை இப்போது நகரமைப்புப் பாடமாகப் படிக்கிறார்கள். நாமோ சுற்றுச்சுவரும் காவலாளியும் வைத்த அடுக்குமாடி வளாகங்களைக் கட்டிக்கொண்டு போகிறோம். மில் நிலத்திலும் அதே மாதிரி கதவு பூட்டிய வளாகம் வந்தால், நகரத்துக்கு நடுவே இருந்த சுவர் வேறு பெயரில் தொடரும். அந்தச் சுவரை உடைத்து நாலு பக்கமும் தெருவைத் திறந்துவிடுவதுதான் இந்த மாற்றத்தின் உயிர் என்பது என் கருத்து.

"துணி மில்லுதானே? கெமிக்கல் கம்பெனி இல்லையே. மண்ணுல என்ன வெஷம் இருக்கப் போவுது?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். நூற்பும் நெசவும் மட்டும் நடந்த பகுதியில் பயம் குறைவு, உண்மைதான். ஆனால் ஒரு முழு ஜவுளி ஆலையில் வெளுக்கும் பகுதி, சாயப் பகுதி, பாய்லர் கூடம், மின்மாற்றி அறை, எண்ணெய்க் கிடங்கு, பட்டறை எல்லாம் இருக்கும். வெளுப்பதற்குக் காஸ்டிக் சோடாவும் குளோரின் சேர்ந்த பொடிகளும் போகும். பழைய சாயமுறைகள் சிலவற்றில் குரோமியம் உப்புகள் பயன்பட்டன. சாயத்தண்ணீர் பல வருடம் ஒரே வாய்க்கால் வழியாக ஓடியிருந்தால் அந்த வாய்க்காலின் அடிச்சேற்றில் அது தங்கியிருக்கும்.

பாய்லர் பக்கம் வேறு கதை. நிலக்கரி எரித்த சாம்பலைப் பள்ளம் மேடு நிரப்பவே பயன்படுத்துவது அந்தக் கால வழக்கம். அந்தச் சாம்பலில் ஆர்செனிக் போன்ற உலோகங்கள் இருக்கலாம். அப்புறம் பாய்லரில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயில் தொட்டி கசிந்திருந்தால் அந்த எண்ணெய் மண்ணுக்குள் கறுப்பாக இறங்கியிருக்கும். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்ற, எளிதில் அழியாத நஞ்சு கலந்திருக்கலாம். இதன் பயன்பாட்டை முழுவதுமாக நிறுத்த இந்தியா 2025 டிசம்பர் 31ஐக் கெடுவாக வைத்தது என்றால் அதன் கடுமையைப் புரிந்துகொள்ளலாம்.

கட்டடத்துக்குள்ளேயும் பாருங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, நீராவிக் குழாயைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் பொதி, பழைய சுவர்ப் பூச்சில் ஈயம். இவை சும்மா இருக்கும்வரை ஆபத்து குறைவு. புல்டோசரால் இடித்து நொறுக்கும்போதுதான் தூசியாகப் பறந்து பக்கத்துத் தெருக்காரர்களின் நுரையீரலுக்குப் போகும். எந்த ஆலையில் இதில் எது இருக்கிறது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். "துணி மில்லுதானே" என்பது சோதனைக்குப் பதிலாகாது.

"மேல ரெண்டடி மண்ணை வாரிட்டு செம்மண்ணு கொட்டிட்டா சரியாப் போவாதா?"

சில இடங்களில் போகும், சில இடங்களில் போகாது. உலோகங்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அங்கே தோண்டி எடுப்பது பலன் தரும். எண்ணெயும் கரைப்பான்களும் கீழே இறங்கி நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்டிருக்கும். அங்கே இரண்டடி எடுப்பது கண்துடைப்பு.

தோண்டிய மண் எங்கே போகிறது என்ற கேள்வியும் உடனே கேளுங்கள். நச்சுக்கழிவு என்று வகைப்பட்டால் அதற்கென்று அமைத்த பாதுகாப்பான கிடங்குக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. லாரி ஒன்று அரியாங்குப்பம் பக்கம் ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தால் நம் பிரச்சினை இன்னொருவர் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

தோண்டாமலும் சில வழிகள் உண்டு. எண்ணெய் படிந்த மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். சில செடிகள் உலோகத்தை உறிஞ்சும். ஒருவகைப் பெரணிச் செடி ஆர்செனிக்கை இலையில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் செடி முறைக்குப் பல வருடம் வேண்டும், வேர் போகும் ஆழம்வரைதான் பலன். இன்னொரு வழி, மாசை அங்கேயே களிமண்ணும் தடுப்புப் படலமும் போட்டு மூடிவிடுவது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக மாற்றியபோது, மோசமான மண்ணின் ஒரு பகுதியைப் பழைய கிடங்கு அறைகளுக்குள்ளேயே அடைத்து மூடினார்கள். மூடுவது தவறில்லை. மூடிய இடம் எது, அங்கே எதைச் செய்யக்கூடாது என்று நிலப்பதிவேட்டில் நிரந்தரமாக எழுதி வைக்காமல் விடுவதுதான் தவறு. நாற்பது வருடம் கழித்து யாரோ அங்கே ஆழ்குழாய்க் கிணறு (போர்) போடுவார்கள்.

"இந்தச் சோதனையை யாரு செய்யணும்? நாம கேட்டா செய்வாங்களா?"

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த நிலங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளை அறிவித்தது. இந்தியாவில் இதற்கென்றே வந்த முதல் சட்டபூர்வ நடைமுறை இது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ அடையாளம் காட்ட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், தேவைப்பட்டால் அடுத்து விரிவான ஆய்வு. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பது அடிப்படை. மாசுபடுத்தியவர் இல்லாமல் போனாலோ வசதியில்லாமல் போனாலோ அரசு ஏற்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் வாரியத்தின் இடத்தில் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் இருக்கிறது. ஊர்மக்கள் நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, இந்த நிலத்தைச் சந்தேகப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்கலாம். வாயால் கேட்டதற்குப் பதில் வராது. மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பழைய தொழிலாளிகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். சாயத்தொட்டி எங்கே இருந்தது, சாம்பலை எங்கே கொட்டினோம் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கே துளையிட்டு மாதிரி எடுப்பது என்று முடிவு செய்ய அந்த ஞாபகத்தைவிடச் சிறந்த வரைபடம் கிடையாது. அவர்களுக்கு வயதாகிறது; இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

"சுத்தம் பண்ணிட்டோம்னு சொல்லிட்டா நம்பிடலாமா?"

"எந்த அளவுக்குச் சுத்தம்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே மண், கார் நிறுத்துமிடத்துக்குச் சரியாக இருக்கும், குழந்தை மண்ணள்ளி விளையாடும் இடத்துக்குச் சரியாக இருக்காது. அதனால் நிலம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறும்.

கொடைக்கானலில் 2001இல் மூடிய வெப்பமானி ஆலையின் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே மண்ணில் பாதரசம் கிலோவுக்கு 20 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்று சுத்தப்படுத்தும் அளவு குறித்தார்கள். சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்கு இந்த அளவு தளர்வானது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஆர்வலர்கள் பல வருடம் வாதாடினார்கள். சுத்தம் செய்வதா வேண்டாமா என்பதல்ல, எந்த எண்வரை என்பதே அங்கே சண்டை. நம் ஊரிலும் அந்த எண்ணை வேலை தொடங்கும் முன்பே வெளியிடச் சொல்ல வேண்டும். வேலை முடிந்தபின், வேலை செய்த நிறுவனம் இல்லாமல் வேறொரு ஆய்வகம் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

"மழைநீர் சேகரிப்பு வெச்சா நல்லதுதானே? அதுக்குமா ஆட்சேபணை?"

இந்தப் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மாசு இன்னும் மண்ணில் இருக்கும் இடத்தில் உறிஞ்சு குழி வெட்டி மழைநீரை இறக்கினால், அந்த நீர் மாசையும் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்குப் போகும். மேல்மண்ணில் இருந்த பிரச்சினை சுற்றியிருக்கும் வீடுகளின் போர் தண்ணீருக்குப் போய்விடும். ஏற்கெனவே கடலோரத்தில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஊர் இது. நல்ல நீருக்குள் இன்னொரு சுமையை ஏற்றக்கூடாது.

அதற்காக மழைநீரை விட்டுவிட வேண்டியதில்லை. கூரையில் விழுவதைத் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்தலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 1,200 மில்லிமீட்டர் மழை விழுந்தால், சிந்தியது போக ஏறக்குறைய 96,000 லிட்டர் பிடிக்க முடியும். உறிஞ்சு குழிகளைச் சோதனையில் சுத்தமென்று தெரிந்த மூலைகளில் மட்டும் வெட்டலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பிடித்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

"ஃபெஞ்சல் மாதிரி இன்னொண்ணு வந்தா? மில்லு எடத்துல கட்டடம் வந்தா தண்ணியெல்லாம் எங்க தெருவுக்குத்தானே வரும்?"

வரும், சரியாகத் திட்டமிடாவிட்டால். 2024 நவம்பர் 30இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கணக்குப் போட்டால் ஒரு ஏக்கரில் மட்டும் 18 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால் 150 லாரித் தண்ணீர். மண்தரையும் புதரும் அதில் கொஞ்சம் குடிக்கும். சிமென்ட் தரை எதையும் குடிக்காது.

அதனால் திட்டத்தில் ஒரு நிபந்தனை வேண்டும்: கட்டுவதற்கு முன்பு இந்த நிலத்திலிருந்து வெளியே ஓடிய மழைநீரின் வேகம் எவ்வளவோ, கட்டிய பிறகும் அதைத் தாண்டக் கூடாது. அதற்குக் குளம் வேண்டும். அலங்காரக் குளம் போதாது. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, கோடையில் பிள்ளைகள் பந்து விளையாடும் தாழ்வான திடலாக இருக்கலாம். நிலத்தை லாரி மண் கொட்டி உயர்த்துவதை மட்டும் எதிர்க்க வேண்டும். அது தன் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளும் வேலை. குளத்தின் அடியில் மாசு இருக்கக் கூடாது என்பது முந்தைய பதிலிலேயே வந்துவிட்டது.

"அந்தப் பழைய கட்டடத்தை ஏன் காப்பாத்தணும்? செங்கல்லுதானே?"

இரண்டு காரணம். ஒன்று வரலாறு. ஏ.எஃப்.டி. 1898இல் தொடங்கியது. சவானா மில் என்ற சுதேசி அதற்கும் மூத்தது. 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்துதான் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் உரிமையானது. பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவருக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தச் செங்கல் சுவருக்கும் கொடுக்க வேண்டும். நம் நகரத்தைக் கட்டியதில் இவர்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒரு கல்வெட்டு வைத்துவிட்டுக் கூடத்தை இடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது, அந்தக் கட்டடங்கள் நல்ல கட்டடங்கள். நெசவுக்கூடங்களில் ரம்பப்பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் கூரையைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகைக் கூரையில் செங்குத்தான பக்கம் கண்ணாடி வைத்து வடக்கே பார்க்கும். நேர் வெயில் அதிகம் படாமல் சீரான வெளிச்சம் வரும். சாய்வான பக்கம் தெற்கே பார்க்கும். நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் சூரியத்தகடு வைப்பதற்கு ஏற்றது தெற்குச் சாய்வுதான். ஒரு கிலோவாட் தகட்டுக்கு 100 சதுர அடி போதும், நாளுக்கு சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். இரும்புச் சட்டங்கள் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்தபின், பல்லுக்குப் பல் தகடு வைக்கலாம். உள்ளே சந்தை, பட்டறை, நூலகம், பயிற்சிக்கூடம் எது வேண்டுமானாலும் வரலாம். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் முதலில் அதைப் பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு ஈரமாக்கிக் கழற்ற வேண்டும்.

"கூடத்துக்குள்ள ஓட்டல், கடைன்னு விட்டா ஆபத்து இல்லையா?"

உண்டு. மும்பையில் கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் மாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பழைய ஆலைக்குள் உணவகமும் பாரும் நெருக்கியடித்து வந்தால், தீயணைப்பு வண்டி நுழைய வழியும் இரண்டாவது வெளியேறும் படியும் முதலில் வேண்டும்.

"நிலத்தை வித்தா பழைய தொழிலாளிக்கு ஏதாவது கெடைக்குமா, இல்ல பில்டருக்குத்தானா?"

மும்பை கதையை முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1982இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கே மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஏறக்குறைய 600 ஏக்கர், நகரத்தின் நடுமத்தியில். 1991இல் ஒரு விதி வந்தது: மில் நிலத்தை மாற்றிப் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி ஒரு பங்குதான் உடைமையாளருக்கு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது.

2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். பங்கு பிரிப்பது மொத்த நிலத்துக்கு இல்லை, கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும் என்று மாற்றம். மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தான். ஒரே வாக்கியத்தில் நகரத்தின் பங்கும் வீடுகளின் பங்கும் சுருங்கிப்போயின. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தொழிலாளிகளுக்குக் கொஞ்சம் வீடுகள் குலுக்கலில் கிடைத்தன, ஆனால் காத்திருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

நமக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது. ஏ.எஃப்.டி.யை 1980களில் அரசே எடுத்துக்கொண்டது. இது பொதுச் சொத்து. பங்கு எவ்வளவு என்பதை மொத்தப் பரப்பின் மேல், சதுர மீட்டரில், விற்பதற்கோ குத்தகைக்கு விடுவதற்கோ முன்பே அரசாணையில் எழுத வேண்டும். தொழிலாளிகளின் நிலுவை தீர்ந்த பிறகுதான் மற்ற எந்தப் பணமும் நகர வேண்டும். விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதையே நான் ஆதரிக்கிறேன். நிலம் ஊரிடமே இருக்கும், நிபந்தனை மீறினால் திரும்ப எடுக்கலாம்.

"பூங்கா, சைக்கிள் பாதைன்னு அழகா ஆக்கிட்டா வாடகை ஏறாதா? நாங்கதானே வெளிய போவணும்?"

ஏறும். இதை மறைப்பதில் பயனில்லை. சுற்றியுள்ள வாணரப்பேட்டை, உப்பளம் பக்கத்து வாடகைக் குடும்பங்களுக்குத்தான் முதல் அடி விழும். தடுக்க முடியாது, குறைக்க முடியும். உள்ளே கட்டும் வீடுகளில் ஒரு பங்கு விற்பனைக்கில்லாத வாடகை வீடாக, அரசின் கையில் இருக்க வேண்டும். விற்ற மலிவு வீடு ஐந்து வருடத்தில் கை மாறிவிடும். வாடகை வீடு மாறாது.

தெருக்கடைகளையும் மறக்கக் கூடாது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். காந்தி வீதி ஞாயிறு சந்தை போன்ற ஒன்று நடக்கும் ஊரில், புதிய தெருக்களில் தள்ளுவண்டிக்கும் பூக்காரிக்கும் இடம் முதல் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

"கார் நிறுத்த எடம் எவ்ளோ குடுப்பாங்க?"

குறைவாகக் கொடுப்பதுதான் நல்லது. ரயில் நிலையமும் பேருந்தும் பக்கத்தில் இருக்கும் இடத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கார் என்று கட்டினால் வீட்டின் விலைதான் கூடும். இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் ஆம்புலன்சுக்கும் இடம் உறுதியாக வேண்டும்.

"இதுக்கெல்லாம் எத்தனை வருஷம் ஆவும்? அதுவரைக்கும் பூட்டியே கெடக்கணுமா?"

மண் சோதனை, சுத்தம், அனுமதி, கட்டுமானம் எல்லாம் சேர்த்தால் பத்து வருடத்துக்குக் குறையாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஏ.எஃப்.டி. திடலில் பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் நடந்தது நமக்குத் தெரியும். புதிய பேருந்து நிலையத்தைக் கட்டியபோது தற்காலிகமாகப் பேருந்துகள் நின்றதும் அங்கேதான். சுத்தமென்று தெரிந்த பகுதியை இப்படி முதலில் திறந்துவிட்டு, மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப நிரந்தரக் கட்டடம் கட்டலாம். சாயப்பகுதி, எண்ணெய்க் கிடங்கு போன்ற இடங்களை மட்டும் வேலி போட்டு, ஏன் வேலி என்று தமிழில் பலகை வைக்க வேண்டும்.

"கடலூர் சிப்காட்டுலயும் இதையே செய்யலாமே?"

அது வேறு விஷயம். சிப்காட் இன்னும் இயங்கும் ரசாயனத் தொழிற்பேட்டை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 கணக்கெடுப்பில் கடலூரை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. மூடிய ஆலை ஒன்றின் மனை அங்கே காலியானாலும், பக்கத்தில் ரசாயன ஆலை ஓடும்வரை அதில் வீடு கட்ட அனுமதிக்கவே கூடாது. மண்ணைச் சுத்தம் செய்யலாம், பக்கத்துப் புகைபோக்கியை என்ன செய்வது? அங்கே முதல் தேவை, குடிகாடு, ஈச்சங்காடு போன்ற பக்கத்து ஊர்களின் காற்றும் கிணறும். காலி மனைகளில் அடர்ந்த மரவேலி வளர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படியும் வைப்பாங்க இல்ல? அப்ப பேசிக்கலாமே?"

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. ஆலைக்கு நடக்கும் பந்தல் போட்ட கூட்டம் அடுக்குமாடிக்கு நடக்காது.

அதனால் நம் வாய்ப்பு அதற்கு முன்பே இருக்கிறது. தொழில் மண்டலம் என்று இருக்கும் நிலத்தைக் குடியிருப்பு அல்லது கலப்பு மண்டலமாக மாற்ற, நகரத் திட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழின் ஓர் ஓரத்திலும் வரும். புதுச்சேரி திட்டக் குழுமத்தின் அறிவிப்புகளை யாராவது ஒருவர் வாராவாரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு 500 மீட்டருக்குள் நிலம் வந்தால் கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் தனியாக உண்டு.

ஆட்சேபணை எழுதும்போது "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். மண் சோதனை அறிக்கை எங்கே, சுத்தப்படுத்தும் அளவு என்ன, மழைநீர் எங்கே நிற்கும், மொத்தப் பரப்பில் பொதுப்பங்கு எத்தனை சதுர மீட்டர், வாடகை வீடுகள் எத்தனை என்று கேள்வியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதே கேள்விகளை அனுப்பலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

"உள்ள முளைச்சுக் கெடக்குற வேம்பும் ஆலும் என்ன ஆவும்?"

சோதனைக் குழு துளையிடும்போதே ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மாசடைந்த மண்ணில் நிற்கும் மரங்களில் சிலவற்றை இழக்க நேரலாம். மற்றவற்றைச் சுற்றித் தெருவை வளைக்கலாம். வரைபடம் இன்னும் வரையவில்லை என்பதால் அதற்கு இப்போது செலவே கிடையாது.